நீ வந்த வண்டி எது?

தஞ்சாவூர்
20.9.2019

அன்புள்ள அக்கா,

போன் போட்டால் ஒரு மணி அடித்ததும் கட்டாகிவிடுகிறது. என் நம்பரை நீ முடக்கி வைத்திருப்பதாகச் செழியன் மாமா சிங்கப்பூரிலிருந்து சொன்னார். கட்டின புருஷன் சொல்லியே நீ கேட்கவில்லை என்றால் நான் எம்மாத்திரம். அதனால் பழையபடி கடிதம். நீ மெட்ராஸில் நர்சிங் படித்தபோது வாரம் ஒன்று எழுதுவோமே, அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் தபால் ஆபீஸுக்குள் கால் வைத்தேன்.

அம்மா போய் இன்றோடு ஒரு வாரம். நீ வந்தாய். காலடியில் உட்கார்ந்திருந்தாய். எடுத்த கையோடு காரில் ஏறிப் பட்டுக்கோட்டைக்குப் போய்விட்டாய். ஊரே பார்த்துக்கொண்டிருக்க என் முகத்தை நீ ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அம்மாவின் சுருக்குப்பையை மட்டும் நீ எடுத்துப் போனதாகப் பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் சொன்னாள். அதை வைத்துக்கொள், நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

தை மாதம் நடந்ததைக் கிளறவும் எனக்கு விருப்பமில்லை. அப்பா கூலிக்கு உழைத்துச் சேர்த்த இரண்டு மா நிலத்தை அம்மா என் பெயருக்கு எழுதிக் கொடுத்தது உனக்குத் தெரியாமல்தான் நடந்தது. நீ வாசலில் நின்று, "இன்னியோட எனக்கு அம்மா செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாய். எட்டு மாதம் அம்மாவிடம் பேசவில்லை. அந்தச் சொல் உன்னை இப்போது எப்படிக் குடையும் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

12ஆம் தேதி வியாழக்கிழமை சாயங்காலம் தஞ்சாவூரிலிருந்து ரயிலில் கொரடாச்சேரி வந்து, அங்கிருந்து குடவாசல் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது, மூச்சு கொஞ்சம் வாங்கியது. ஆனால் நல்ல பேச்சு. ரசம் சோறு சாப்பிட்டது. "ஏன்டா, கேட்டு சாத்துற ஆளையும் ரயிலே ஏத்திக்கிட்டுப் போவுதே! சர்க்கஸ்காரன் கூடாரத்தத் தூக்கிக்கிட்டுப் போற மாரில்ல இருக்கு" என்று சொல்லி அப்படிச் சிரித்தது. பிறகு உன் பேச்சு வந்தது. "செம்மொழி மேல எனக்குக் கோவம் இல்லடா. பெத்தவ மேல கோவிச்சுக்காம வேற யாரு மேல கோவிச்சுப்பா" என்றது. இதே வார்த்தைதான் அக்கா. நான் ஒன்றும் சேர்க்கவில்லை. விடிகாலையில் போய்விட்டது.

29ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படத்திறப்பு. சடங்கு எதுவும் இல்லை, அப்பாவுக்குச் செய்த மாதிரியே. நீ வரவேண்டும்.

தம்பி
பகலவன்

*

பட்டுக்கோட்டை
25.9.2019

பகலவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போனில் பேசமாட்டேன். போனில் என்றால் நீ பேசியே மழுப்பிவிடுவாய், பிறகு "நான் எப்ப அப்புடிச் சொன்னேன்" என்பாய். எழுத்து என்றால் என் கையில் இருக்கும். நிலப் பத்திரம் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது.

அம்மா சொன்னதாக நீ எழுதியிருந்த வரியைப் படித்து அழுதேன். அதை மறைக்கவில்லை. அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு மறுபடி படித்தேன். அப்போதுதான் இடித்தது.

நீ ஒரு ரயிலில் வந்தேன் என்று எழுதி, அது என்ன ரயில் என்று எழுதாமல் விட்டிருக்கிறாய். உன் வாழ்நாளில் இப்படி நடந்ததே இல்லை. உன் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து நீ எனக்கு எழுதிய கடிதத்தில், பெண்ணைப் பற்றி நாலு வரி இருந்தது, போன வண்டியைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அம்மாவைக் கடைசியாகப் பார்க்கப் போன வண்டிக்கு மட்டும் பெயர் இல்லையா?

இந்தப் பைத்தியத்தை உனக்கு ஒட்டவைத்தவளே நான்தான். நீ என்னைப் பார்க்க மெட்ராஸ் வந்தபோது எழும்பூரில் மின்சார ரயிலைக் காட்டினேன். "எஞ்சினு எங்கக்கா?" என்று நீ பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாய். எஞ்சின் என்று தனியாக இல்லை, வண்டியேதான் எஞ்சின், நாம் உட்காருகிற பெட்டிக்கு அடியிலேயே அது இருக்கிறது என்றேன். கைப்பிடிகளெல்லாம் ஒன்றாக ஆடுவதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றாய். கடற்கரை ஸ்டேஷனில் டிரைவர் தன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான், வால் தலையாகிவிட்டது. அன்றிலிருந்து உனக்கு மின்சாரம்தான் உசத்தி. எனக்கு எப்போதும் டெமுதான். டீசலில் ஓடினாலும் அதுவும் அதே ஜாதி, இரண்டு கோடியிலும் முகம். ஆனால் அது ஊமை இல்லை. கிளம்பும்போது தொண்டையைச் செருமி, உறுமி, தரை முழுக்க அதிர்ந்து, நான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போகும். எனக்கு அந்த மாதிரி சொல்லிவிட்டுப் போகிறவர்களைத்தான் பிடிக்கும்.

அடுத்த இடறல். கேட் சாத்துகிற ஆளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி தஞ்சாவூர் – திருவாரூர் லைனில் கிடையாது. அங்கே கேட்டுக்குக் கேட் ஆள் உட்கார்ந்திருக்கிறார். திருவாரூரிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடி போகும் எங்கள் டெமுவில்தான் அந்தக் கூத்து. அகலப் பாதையாக்கப் பல வருஷம் மூடிக் கிடந்த லைன், இந்த ஜூன் மாதம்தான் வண்டி விட்டார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும், முன்னாலிருந்து ஒருவர் இறங்கிப் போய்ச் சாத்துவார், வண்டி தாண்டிப்போய் மறுபடி நிற்கும், பின்னாலிருந்து ஒருவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறுவார். குடவாசல் பக்கத்தை விட்டு அசையாத அம்மாவுக்கு இது எப்படித் தெரியும்?

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக இருக்கிறது உன் கடிதம். வியாழக்கிழமை நீ எங்கே இருந்தாய்? எந்த வண்டியில் வந்தாய்? எத்தனை பெட்டி? எழுது. நான் அன்றைக்குப் பகல் டியூட்டி, ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதனால்தான் அம்மா பக்கத்தில் இல்லை. உனக்கு என்ன காரணம் இருக்கிறது மறைக்க?

படத்திறப்புக்கு வரமாட்டேன்.

செம்மொழி

*

தஞ்சாவூர்
30.9.2019

அன்புள்ள அக்கா,

நீ நர்ஸானது தப்பு, போலீஸில் சேர்ந்திருக்க வேண்டும். செத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு எத்தனை பெட்டி என்று விசாரிக்கிற அக்கா உலகத்தில் எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறாள்.

நேற்று படத்திறப்பு நல்லபடி நடந்தது. ஊர்க்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். நடவுப் பாட்டில் அம்மா முதல் ஆளாக எடுத்துக்கொடுக்குமாம், பஞ்சநதம் பெரியப்பா எழுந்து நின்று அதைச் சொன்னார். மக எங்கே என்று எல்லாரும் கேட்டார்கள். டியூட்டி என்று சொன்னேன். உனக்காக நான் சொல்லிப் பழகிய வார்த்தை அது.

சரி, உன் விசாரணைக்கு வருகிறேன். வந்தது டெமு, எட்டுப் பெட்டி. துக்கத்தில் எழுத விட்டுப்போயிற்று. கேட் சமாச்சாரத்தை நான்தான் அம்மாவிடம் சொன்னேன். ஜூன் மாதம் அந்த வண்டி விட்ட முதல் வாரத்திலேயே பாலிடெக்னிக்கில் லீவு போட்டுவிட்டுப் போய் ஏறிப் பார்த்தேன். பட்டுக்கோட்டையைத் தாண்டித்தான் போனேன். உன் வீட்டுக்கு வரவில்லை, வந்திருந்தால் நீ சேர்த்திருக்கப் போவதுமில்லை.

உன் டெமுவை நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் எலக்ட்ரிகல் லேபில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு மின்சாரத்தில் ஓடுகிற மெமுவைத்தான் பிடிக்கும். விழுப்புரத்திலிருந்து தாம்பரம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். டீசல் வண்டி உறுமி முடித்து நகர்வதற்குள் மெமு அடுத்த ஊர் சிக்னலைப் பார்த்துவிடும். இழுப்பு, குலுக்கல் எதுவும் கிடையாது. மடியில் டீ வைத்திருந்தால் தளும்பாது. நாலு கிலோமீட்டருக்கு ஒரு முறை நிற்கிற ஏழை ஊர்களுக்கென்றே செய்த மாதிரி, நின்ற இடத்திலிருந்து பாய்ந்துபோகும். மெட்ராஸ் மின்சார ரயிலில் இல்லாத கக்கூஸும் இதில் உண்டு. அம்மாவைப் போல வயசானவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்திலும் மின்சாரக் கம்பி இழுக்கிறார்கள். ஒரு நாள் அது கொரடாச்சேரிக்கு அடுத்த குளிக்கரை ஸ்டேஷனிலும் நிற்கும், அப்போது நீ பொறாமைப்படுவாய்.

இவ்வளவு எழுதிய பிறகாவது நம்பு. வியாழக்கிழமை நீ எங்கே இருந்தாய் என்று நான் உன்னைக் கேட்கவில்லை, கவனித்தாயா? நீயும் என்னைக் கேட்காதே. அம்மா சொன்ன வார்த்தை உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. அதோடு நிறுத்திக்கொள் அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

பகலவன்

*

பட்டுக்கோட்டை
6.10.2019

பகலவனுக்கு,

கெஞ்சுகிறாய். மடியில் கனம் இல்லாதவன் எதற்குக் கெஞ்ச வேண்டும்?

நாகூர் ஷஹ்பாஸை உனக்கு ஞாபகம் இருக்கும். நம் இரண்டு பேரையும் விடப் பெரிய பைத்தியம். எந்த லைனில் எந்த நாள் எந்த வண்டி ஓடியது என்று நோட்டுப் போட்டு எழுதுகிறவர். அவரிடம் கேட்டேன். 12ஆம் தேதி சாயங்காலம் தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் பக்கம் வந்தது டெமு இல்லையாம். டெமு பராமரிப்புக்குப் போய்விட்டதால், முன்னால் டீசல் எஞ்சின் பூட்டிய பழைய நீலப் பெட்டிகள்தான் வந்தனவாம். "நம்ம பகலவன் தம்பி அதுல வந்திருந்தா அன்னிக்கே போன் பண்ணித் திட்டியிருப்பாரேம்மா" என்றார்.

ஆக, நீ அந்த வண்டியில் வரவே இல்லை. வராதவன் அம்மாவோடு ரசம் சோறு சாப்பிட்டதையும் அம்மா சிரித்ததையும் எப்படி எழுதுகிறான்? அம்மா தனியாகத்தான் கிடந்ததா? அந்தக் கடைசி வார்த்தையும் நீ கட்டியதா? நான் எட்டு மாதம் பேசாமல் இருந்த பாவத்துக்கு அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டு தூங்குகிறேன். அது பொய் என்றால் எனக்கு வேண்டாம். நிஜம் என்றால் மற்றதெல்லாம் ஏன் பொய்?

7.10.2019

இந்தக் கடிதத்தை நேற்றே போட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தபால் எடுக்கவில்லை. அதுவும் நல்லதாயிற்று.

இன்று காலையில் அம்மாவின் சுருக்குப்பையைத் திறந்தேன். இத்தனை நாள் திறக்கக் கை வரவில்லை. பாக்கு, ஒரு ஊக்கு, மடித்து மடித்து விரல் அகலத்துக்கு ஆக்கிய ஒரு காகிதம். ரயில் டிக்கெட். நான் எந்த டிக்கெட்டையும் தூக்கிப் போடமாட்டேன் என்று அம்மாவுக்குத் தெரியும், சின்ன வயசிலிருந்து எனக்கு எடுத்து வைத்துத்தான் பழக்கம். திருவாரூரிலிருந்து பட்டுக்கோட்டை. 12ஆம் தேதி காலை. பெரியவர் இரண்டு.

டிக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். படி.

கால் வீங்கி மூச்சு வாங்குகிற மனுஷியை, கேட்டுக்குக் கேட் நின்று போகும் வண்டியில், மணிக்கணக்கில் உட்காரவைத்து என் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். எதற்கு என்று எனக்குத் தெரியும். நிலம் போயிற்று. பாக்கி இருந்தது அம்மா பெயரில் உள்ள வீட்டு மனை. ஊரில் வைத்து எழுதினால் போன தடவை மாதிரி யாராவது எனக்குத் தகவல் சொல்லிவிடுவார்கள். அதனால் எங்கேயோ கொண்டுபோய் ரிஜிஸ்தர் ஆபீஸில் பெருவிரலைப் பிடித்து உருட்டியிருக்கிறாய். அந்த அலைச்சல்தான் மறுநாள் விடியலில் அம்மாவைக் கொண்டுபோயிற்று. கூலிக்கு நடவு நட்டு நம்மைப் படிக்கவைத்தவளை நீ கொன்றாய். கொன்றுவிட்டு, நான் வாயை மூடிக்கொள்வேன் என்று எனக்கு ஒரு மன்னிப்பையும் தயார் பண்ணி அனுப்பியிருக்கிறாய்.

இல்லை என்றால் எழுத்தில் சொல்.

செம்மொழி

*

தஞ்சாவூர்
11.10.2019

அக்கா,

இதை எழுதக் கூடாது என்று மூன்று நாள் இருந்தேன். கொலைகாரன் என்று எழுதிவிட்டாய். இனி நான் மறைத்து யாருக்கு லாபம்.

முதலில் ஒன்று. குடவாசல் பக்கத்து மனையைப் பட்டுக்கோட்டையில் எவன் பதிவான்? கோபம் கண்ணை மறைத்தாலும் இவ்வளவா மறைக்கும்? பத்திரமும் இல்லை, பெருவிரலும் இல்லை. மனை இன்னும் அம்மா பெயரில்தான் இருக்கிறது. போய்ப் பார்த்துக்கொள்.

நான் தஞ்சாவூரிலிருந்து வந்தது புதன்கிழமை. அம்மாதான் ஆள் விட்டுக் கூப்பிட்டது. "என்னைய செம்மொழிகிட்டக் கூட்டிக்கிட்டுப் போ. கார்ல வேணாம், அவ சொல்லுவாளே அந்த ரயில்லயே போவோம்" என்றது. உனக்குத் தகவல் சொல்லலாம் என்றேன். "சொன்னா வேணாம்பா. நேரா போய் நின்னா என்ன செஞ்சிடுவா?" என்றது. தங்கம்மாளிடம்கூட டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியது. உன் வீட்டில் சேர்க்கவில்லை என்றால் ஊருக்குத் தெரிய வேண்டாம் என்ற ரோஷம்.

திருவாரூரில் எஞ்சின் உள்ள முகப்புப் பெட்டியிலேயே உட்கார்ந்தோம். நீ எழுதினாயே, தரை முழுக்க அதிரும் என்று, அங்கேதான். வீங்கின காலைக் கீழே ஊன்றிக்கொண்டு, "யாரோ கால் புடிச்சு வுடுற மாரி இருக்குடா" என்றது. கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்குத்தான் அவ இத்தன ஆசப்பட்டாளா" என்றது. ஒவ்வொரு கேட்டிலும் எட்டிப் பார்த்தது. திறக்கிறவர் ஓடி வந்து ஏறுகிறவரை அவருக்காகப் பதறியது, ஏறினதும் சிரித்தது. திருத்துறைப்பூண்டிக்கு அப்புறம் எதிரில் இருந்தவர்களிடம் எல்லாம் "எம் பொண்ணு நர்சு, அவ வூட்டுக்குப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தது. நான் அம்மாவை அப்படிப் பார்த்து வருஷக்கணக்காயிற்று. நான் மெமு மெமு என்று எவ்வளவு பீற்றிக்கொண்டாலும், அன்றைக்கு அந்த டெமுதான் உலகத்திலேயே நல்ல வண்டி.

பட்டுக்கோட்டையில் ஆட்டோ பிடித்தேன். பக்கிரி என்று ஒருவர், வேண்டுமானால் ஸ்டாண்டில் கேட்டுப் பார். உன் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்ததால் ஆட்டோ முனையிலேயே நின்றுவிட்டது. அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நீ வந்து கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டால் வந்துவிடும் என்று அதை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் வந்தேன்.

உன் செருப்பு வாசலில் இருந்தது. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. "அக்கா" என்று கூப்பிட்டேன். மிக்ஸி நின்றது.

அதற்கப்புறம் உள்ளே ஒரு சத்தம் இல்லை. நான் எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று உனக்குத்தான் தெரியும்.

அம்மாவிடம் போய், "அக்கா டியூட்டிக்குப் போயிருக்கும்மா" என்றேன். நான் முதல் முதலாக உனக்காகச் சொன்ன டியூட்டி அது. "செத்த இருந்து பாப்போம்" என்றது. அரை மணி நேரம் ஆட்டோவிலேயே காத்திருந்தோம். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னது. செம்மொழி மேல எனக்குக் கோவம் இல்லடா என்று. உன் தெரு முனையில் வைத்துச் சொன்னது, வீட்டில் இல்லை. அதை மட்டும்தான் இடம் மாற்றி எழுதினேன். சாயங்காலம் அதே வண்டியில் திரும்பினோம். வரும்போது அது எந்தக் கேட்டையும் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீ எல்லாரிடமும், "நேத்து பூரா எனக்குப் பகல் டியூட்டி" என்று சொல்லி அழுதாய். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உன் ஜன்னலிலிருந்து தெரு முனை தெரியும் அக்கா. நீ ஆட்டோவில் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கவில்லை என்று எனக்கு இன்றுவரைக்கும் சந்தேகம். அப்படி இருந்தால் அதோடு நீ உயிர் வாழ முடியாது என்பதால்தான் நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நீயோ சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாய்.

பகலவன்

*

பட்டுக்கோட்டை
15.10.2019

தம்பி,

நான் ஆட்டோவைப் பார்க்கவில்லை. அப்பா மேல் ஆணை என்று எழுதினால் நம் வீட்டில் யாரும் ஆணை இடுவதில்லையே என்று சிரிப்பாய். எதன் மேல் சொன்னால் நம்புவாய் என்று தெரியவில்லை. ஜன்னலிலிருந்து தெரு முனை முன்பு தெரியும். இப்போது மண்ணைத் தோண்டிக் குவித்து ஆள் உயரத்துக்கு நிற்கிறது. பக்கிரியைத் தேடிப் போய்க் கேட்டேன். "அந்த ஆயா உங்க அம்மாவாம்மா? வூட்டு நம்பர என்கிட்ட ரெண்டு தடவ கேட்டு வச்சிக்கிச்சு, அடுத்த தடவ தானே வரேன்னுச்சு" என்றார். ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரி அம்மா அழுகிறது என்று கூட்டம் கூடிவிட்டது.

உன்னைப் பார்த்தேன். அது நிஜம். உன் முதல் கடிதம் வருவதற்கு முன்னாலேயே நீ வியாழக்கிழமை பட்டுக்கோட்டையில் இருந்தது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் நான் வீட்டுக்குள் இருந்ததையும் சொல்ல வேண்டும். அதனால் என்ன வண்டி, எத்தனை பெட்டி, கேட் எந்த லைன் என்று உன் வாயிலிருந்தே பிடுங்கப் பார்த்தேன். ஷஹ்பாஸிடம் கேட்டதும் அதற்குத்தான். நான் துப்பு ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை தம்பி. தெரிந்ததையே உனக்கெதிராகத் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு எனக்கு லீவு. தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். உன் குரல் கேட்டு ஜன்னல் சந்து வழியாகப் பார்த்தேன். நீ கையில் ஒரு துணிப்பையோடு நின்றாய். பை கனத்துத் தொங்கியது. பத்திரம் கொண்டுவந்திருக்கிறான், மனைக்கு என் கையெழுத்து வாங்க வந்திருக்கிறான், அம்மா அனுப்பியிருக்கிறது என்று நினைத்தேன். மிக்ஸியை நிறுத்திவிட்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏழு தடவை கூப்பிட்டாய். ஒவ்வொரு தடவையும் எண்ணினேன். போய்விட்டாய் என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு சட்னியைத் தாளித்து இட்லி சாப்பிட்டேன். அம்மா அப்போது தெரு முனையில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

மூச்சு வாங்கி, கால் வீங்கி வந்த எத்தனை பேருக்கு நான் ஊசி போட்டு, இரவெல்லாம் பார்த்துக்கொண்டு, பிழைக்கவைத்து அனுப்பியிருக்கிறேன். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பையில் என்ன இருந்தது? பத்திரம்தான் என்று எழுது. பொய்யாக இருந்தாலும் அப்படியே எழுது. நான் நம்பிக்கொள்கிறேன்.

அக்கா

*

தஞ்சாவூர்
18.10.2019

அன்புள்ள அக்கா,

பத்திரம் என்று எழுதி ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். எழுத முடியவில்லை.

அம்மாவின் புடவை நாலு, ஒரு சால்வை, ஒரு மாதத்துக்கு உண்டான மாத்திரை, டாக்டர் சீட்டு எல்லாம் இருந்தது. "சாயங்காலமே திரும்பிடலாம்மா, எதுக்குப் பையி" என்றேன். "ஒனக்கு வேல இருந்தா நீ போ. நர்சு பொண்ண வச்சிக்கிட்டு நான் ஏன்டா கண்ட எடத்துல கெடக்கணும், அவ பாத்துக்குவா" என்றது. முதலில் பையைக் கொண்டுபோய் உன் வீட்டுக்குள் வைத்துவிட்டால் அப்புறம் உன்னால் திருப்பி அனுப்ப முடியாதாம். அதனால்தான் அதை என் கையில் கொடுத்து முன்னால் போகச் சொன்னது.

26ஆம் தேதி சனிக்கிழமை அந்தப் பையைக் கொண்டுவருகிறேன். பிரிக்கவில்லை, அம்மா மடித்து வைத்தபடியே இருக்கிறது. காலை டெமுவில் வருவேன், கேட்டை எட்டிப் பார்க்கத் தோதான பெட்டியாகப் பார்த்து உட்காருவேன். நீ லீவு போட முடிந்தால் போடு.

உன்னைச் சந்தேகப்பட்டு எழுதியதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீ கேட்காத ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். மிக்ஸி நின்ற பிறகு நான் ஏழு தடவையும் "அக்கா, அக்கா" என்றுதான் கூப்பிட்டேன். "அம்மா வந்திருக்கு" என்று ஒரு தடவை கத்தியிருந்தால் நீ ஓடி வந்திருப்பாய். அது எனக்கு அப்போதே தெரியும். வேண்டுமென்றே திறக்காதவளிடம் அதை வேறு சொல்லிக் கெஞ்ச வேண்டுமா என்று ஒரு வீம்பு. நானும் கத்தவில்லை அக்கா.

பகலவன்